கைதட்டல் நிற்கவில்லை, கதவு மூடிவிட்டது: லாஸ் வேகஸ் மேஜிக் அரண்மனை சம்பளக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு



"நான் நல்லா வேலை செய்றேன், ரேட்டிங் நல்லா இருக்கு, அப்புறம் எனக்கு என்ன பயம்?" நம்ம சேனலுக்கு வருகிற கேள்விகளில் இது ஏதோ ஒரு வடிவத்தில் அடிக்கடி வரும். நேரடியாக பதில் சொன்னால் பயமுறுத்துகிற மாதிரி ஆகிவிடும். அதனால் இன்றைக்கு ஒரு கதை. அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரில் ஆறு வருஷம் இருந்து காணாமல் போன ஒரு இடத்தின் கதை. அங்கே போனவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றி ஆசையாகப் பேசுகிறார்கள். ஆனால் அது மூடப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதன் பெயர் சீசர்ஸ் மேஜிக்கல் எம்பயர்.

உள்ளே என்ன இருந்தது?

லாஸ் வேகஸின் பெரிய கேசினோ ஹோட்டல்களில் ஒன்று சீசர்ஸ் பேலஸ். 1966-ல் ஜே சார்னோ என்பவர் திறந்தது. பழைய ரோம் நகரம்தான் தீம். அதன் ஆங்கிலப் பெயரில் அபாஸ்ட்ரஃபி கிடையாது. போட்டிருந்தால் "ஒரே ஒரு சீசரின் அரண்மனை" என்று அர்த்தம் வந்திருக்கும். போடாததால், வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு சீசர். பெயர் வைப்பதிலேயே வியாபாரம் பண்ணிய மனுஷன்!

அந்த ஹோட்டலுக்குள் 1996-ல் மேஜிக்கல் எம்பயரைத் திறந்தார்கள். சாதாரண மேஜிக் ஷோ மாதிரி டிக்கெட் வாங்கி, சீட்டில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை. 24 பேரை ஒரு குழுவாகச் சேர்த்து உள்ளே அழைத்துப் போவார்கள். முதலில் ஒரு அறை. அது பூமிக்கு அடியில் இறங்குகிற மாதிரி ஒரு உணர்வு. அங்கிருந்து சுரங்கப் பாதை மாதிரி வழி. அதைத் தாண்டினால் உங்க குழுவுக்கு என்று தனியாக ஒரு சாப்பாட்டு அறை. இந்த மாதிரி பத்து அறைகள்.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு மேஜிக் கலைஞர். சாப்பாடு ஒவ்வொரு சுற்றாக வர, நடு நடுவே அவர் உங்க கண்ணுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மேஜிக் செய்வார். சாப்பாடு முடிந்ததும் உயரமான குவிமாடம் போட்ட ஒரு பெரிய மண்டபம். அங்கே நெருப்பும் ஒளியும் கலந்த ஒரு காட்சி. சுற்றிலும் பார்கள். அதைத் தவிர இரண்டு அரங்குகள்: "சீக்ரெட் பகோடா" என்று சின்னதாக ஒன்று, பக்கத்தில் இருந்து பார்க்கிற மேஜிக்குக்கு. "சுல்தான்ஸ் பேலஸ்" என்று கொஞ்சம் பெரியது, மேடை மேஜிக்குக்கு.

சாயங்காலம் உள்ளே போனால் சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவீர்கள். மேஜிக் பிடித்தவர்களுக்கு சொர்க்கம். மேஜிக் கலைஞர்களுக்கும்தான். தினமும் வேலை, தினமும் புது முகங்கள், ஒரே கூரையின் கீழ் இத்தனை கலைஞர்களுக்கு மேடை. இப்படி ஒரு இடம் உலகத்தில் ரொம்பக் குறைவு.

2002 நவம்பர் கடைசியில் அது மூடப்பட்டது.

அப்படியென்றால் ஷோ சரியில்லையா?

நம்ம மூளை முதலில் இப்படித்தான் யோசிக்கும். மூடிவிட்டார்களா? அப்போ ஏதோ தப்பு நடந்திருக்கும். கூட்டம் வரவில்லை, தரம் இல்லை, யாரோ சொதப்பிவிட்டார்கள். ஆனால் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டாக நான் முதலில் கேட்கிற கேள்வி வேற: அதே இடத்தில், அதே பணத்தில் வேற என்ன செய்திருக்கலாம்?

இதைத்தான் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று சொல்கிறோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு.

மேஜிக்கல் எம்பயர் மூடிய சமயத்தில், அதே சீசர்ஸ் பேலஸ் வளாகத்தில் இன்னொரு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கொலோசியம் என்கிற பிரம்மாண்ட அரங்கு. செலவு சுமார் 95 மில்லியன் டாலர், அதாவது ஒன்பதரைக் கோடி டாலர். 4,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். 2003 மார்ச் 25 அன்று பாடகி செலின் டியான் நிகழ்ச்சியோடு திறந்தார்கள். அந்த ஒரே நிகழ்ச்சி 2007 டிசம்பர் வரைக்கும், 700-க்கும் மேற்பட்ட தடவை நடந்தது. கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் பார்த்தார்கள். வசூல் 38 கோடி டாலருக்கும் மேல்.

இப்போ ஒரு சின்ன கணக்கு போடலாம்.

38 கோடியை 700 சொச்சத்தால் வகுத்தால், ஒரு காட்சிக்கு சராசரியாக 5 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது.

மேஜிக்கல் எம்பயரில் பத்து அறை, அறைக்கு 24 பேர். மொத்தம் 240 பேர். ஒரு ராத்திரியில் மூன்று பந்தி போடுகிறார்கள், ஒரு இருக்கைகூட காலி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 720 பேர்தான். இந்த 720 பேரிடம் இருந்து 5 லட்சம் டாலர் வரவேண்டும் என்றால், தலைக்கு ஏறக்குறைய 700 டாலர் வாங்க வேண்டும். அந்தக் காலத்தில், ஒரு சாப்பாட்டுக்கும் மேஜிக்குக்கும்!

நடக்கிற காரியமா? இல்லை.

கவனிங்க. இந்தக் கணக்கில் மேஜிக்கின் தரம் எங்கேயும் வரவில்லை. கலைஞர் எவ்வளவு பிரமாதமாகச் செய்தாலும் அந்த அறையில் 24 பேருக்கு மேல் உட்கார முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அந்த இடத்தின் அழகு. அதுவே அதன் வருமானத்துக்கு வரம்பு. பெரிதாக்கினால் மாயம் போய்விடும், சின்னதாகவே வைத்திருந்தால் கணக்கு இடிக்கும்.

விளையாட்டின் விதியே மாறிவிட்டது

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்தக் காலத்து லாஸ் வேகஸில் சாப்பாடு மலிவு, ரூம் மலிவு, ஷோ மலிவு. ஏன்? ஆள் உள்ளே வந்தால் சூதாட்ட மேஜையில் பணம் வந்துவிடும். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 கட்டங்கள், ஆனால் ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்குதான் கூடுதலாகத் தருவார்கள். கட்டுகிற ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5.26 டாலர் கேசினோவுக்கு. இது அதிர்ஷ்டம் இல்லை, கணிதம். அந்த வருமானம் இருக்கும்வரை ஷோவில் நஷ்டம் வந்தாலும் முதலாளி கவலைப்பட மாட்டார். ஒரு பாக்கெட்டில் இருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டுக்குக் கொடுப்பார்.

1990-களின் கடைசியில் இது தலைகீழானது. லாஸ் வேகஸின் முக்கிய வீதியான ஸ்ட்ரிப்பில் இருக்கும் பெரிய கேசினோக்களில் ரூம், சாப்பாடு, ஷோ, ஷாப்பிங் எல்லாம் சேர்ந்த வருமானம், சூதாட்ட வருமானத்தையே தாண்டிவிட்டது. அதற்கு அப்புறம் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். "நீ கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்" என்பது போய், "உன் சதுர அடிக்கு எவ்வளவு வருமானம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அது மட்டுமா? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் ஏறவே மக்கள் பயந்தார்கள். லாஸ் வேகஸ் ஹோட்டல்களில் ஆயிரக்கணக்கானோருக்கு சில வாரங்களில் வேலை போனது.

இதில் சீசர்ஸ் மட்டும் தனி இல்லை. எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலின் தீம் பார்க் 1993-ல் திறந்து 2000-ல் மூடியது. லாஸ் வேகஸ் ஹில்டனில் 1998-ல் வந்த "ஸ்டார் ட்ரெக்: தி எக்ஸ்பீரியன்ஸ்" 2008-ல் மூடியது. எரிமலை வெடிக்கிற காட்சிக்குப் பெயர்போன மிராஜ் ஹோட்டல், 1989-ல் திறந்தது, 2024 ஜூலையில் மொத்தமாக மூடப்பட்டது. எல்லாவற்றுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள்.

முதலாளி மாறினால்?

இந்தக் கதையில் சம்பளக்காரர்கள் தவறவிடக் கூடாத பகுதி இதுதான்.

1995-ல் சீசர்ஸ் நிறுவனத்தை ஐடிடி என்கிற கம்பெனி வாங்கியது. அவர்கள் காலத்தில்தான் மேஜிக்கல் எம்பயர் திறந்தது. 1998-ல் ஐடிடி-யையே ஸ்டார்வுட் என்கிற ஹோட்டல் கம்பெனி வாங்கிவிட்டது. 1999 கடைசியில் ஸ்டார்வுட், சீசர்ஸை சுமார் 3 பில்லியன் டாலருக்கு பார்க் பிளேஸ் என்டர்டெயின்மென்ட்டிடம் விற்றது.

எண்ணிப் பாருங்க. ஐந்து வருஷத்துக்குள் மூன்று முதலாளிகள். திறந்தபோது இருந்த கம்பெனி வேற, மூடியபோது இருந்த கம்பெனி வேற. "இது நம்ம பெருமை" என்று ஆசையாக ஆரம்பித்தவர்கள் போன பிறகு, வந்தவர்களுக்கு அது எக்செல் ஷீட்டில் ஒரு வரி.

உங்களை இன்டர்வியூ செய்து, "உன்னை மாதிரி ஆள்தான் வேணும்" என்று எடுத்த மேனேஜர் இன்னும் உங்க கம்பெனியில் இருக்கிறாரா? உங்க ப்ராஜெக்ட்டை ஆரம்பித்தவர்? பட்ஜெட்டில் கையெழுத்து போட்டவர்?

அந்த மேஜிக் கலைஞர்களின் வேலையில் குறை இருந்ததாக இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அவர்கள் முன்னால் இருந்த 24 பேரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். முடிவு எடுக்கப்பட்டது வேறு ஒரு அறையில், வேறு ஒரு கணக்கில்.

நல்லா வேலை செய்வது ரொம்ப முக்கியம். அடுத்த வேலை கிடைக்க அதுதான் உதவும். ஆனால் அது மட்டும் இந்த வேலைக்கு இன்ஷூரன்ஸ் ஆகாது.

சரி, நீங்க என்ன செய்யணும்?

1. கதவு மூடினால் ஆறு மாசம் தாங்கணும்

மாசம் கையில் 60,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை 15,000, இஎம்ஐ 12,000, மளிகையும் மற்ற வீட்டுச் செலவும் 10,000, பிரீமியம், போன், பஸ், பெட்ரோல் எல்லாம் 8,000. தவிர்க்கவே முடியாத செலவு 45,000. ஆறு மாசத்துக்கு 2,70,000 ரூபாய். இதுதான் உங்க எமர்ஜென்சி ஃபண்ட்.

இங்கே நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க. சம்பளத்தை ஆறால் பெருக்கி, 3,60,000 என்று பார்த்து, "அம்மாடி, இவ்வளவா!" என்று விட்டுவிடுகிறார்கள். பெருக்க வேண்டியது சம்பளத்தை இல்லை, கட்டாயச் செலவை. மாசம் 7,500 ஒதுக்கினால் மூன்று வருஷத்தில் சேர்ந்துவிடும். போனஸ் வந்தால் இன்னும் சீக்கிரம். இந்தப் பணத்தை ஷேரில் போடாதீங்க. சேவிங்ஸ் அக்கவுன்ட், எஃப்டி, லிக்விட் ஃபண்ட், அவ்வளவுதான். கேட்ட நேரத்தில் கைக்கு வரணும்.

2. கம்பெனி கொடுத்ததை சொந்தம் என்று நினைக்காதீங்க

கம்பெனி கொடுக்கிற குரூப் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பொதுவாக வேலையோடு போய்விடும். வேலை போன மாசமே அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்? உடம்பு நல்லா இருக்கும் வயசிலேயே தனியாக ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. இளம் வயதில் பிரீமியம் குறைவு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் வேலையில் இருக்கும்போதே ஓடிவிடும்.

3. கையில் எடுத்துப் போகக்கூடிய திறமை எது?

மேஜிக்கல் எம்பயரில் இரண்டு விதமான வித்தைகள் இருந்தன. ஒன்று, கட்டடத்தோடு ஒட்டியது: இறங்குகிற அறை, சுரங்கப் பாதை, ஒளி, நெருப்பு. இன்னொன்று, கலைஞரின் விரல்களில் இருந்தது. கதவு மூடின அன்றைக்கு முதல் வித்தை அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது, ஒரு சீட்டுக்கட்டோடு சட்டைப் பையில் வெளியே போனது.

உங்க வேலையையும் இப்படிப் பிரித்துப் பாருங்க. உங்க கம்பெனிக்குள் மட்டும் இருக்கிற சாஃப்ட்வேர், "இந்த அப்ரூவலுக்கு யாரைப் பிடிக்கணும்" என்கிற அறிவு, இதெல்லாம் கட்டடத்தோடு ஒட்டியது. எந்த கம்பெனிக்குப் போனாலும் செல்லுபடியாகிறது எது? ஐந்து வருஷ அனுபவத்தில் வெளியே எடுத்துப் போகக்கூடியது எவ்வளவு என்று ஒரு பேப்பரில் எழுதுங்க. பட்டியல் சின்னதாக இருந்தால், அடுத்த கோர்ஸுக்கான பணத்தைச் செலவாக நினைக்காதீங்க.

4. உங்க பணத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்க

ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்டை கேசினோ முதலாளி மட்டும்தான் பார்க்கணுமா என்ன? ஒரு உதாரணம். எஃப்டி-யில் ஒரு லட்சம் இருக்கு, 7 சதவீத வட்டி. வருஷத்துக்கு 7,000 ரூபாய் வருகிறது, சந்தோஷம். அதே நேரம் கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் பாக்கி, மாசம் 3.5 சதவீதம். வருஷத்துக்கு 42,000 ரூபாய் வட்டி, அதுவும் வட்டிக்கு வட்டி சேர்க்காமல். அந்த எஃப்டி நல்ல எஃப்டிதான். ஆனால் அந்தப் பணம் இப்போ இருக்க வேண்டிய இடம் அது இல்லை. முதலில் கார்டை அடைச்சிட்டு, அப்புறம் ஃபண்டை மறுபடி கட்டுங்க.

கடனைப் பற்றி ஒரு கடைசி தகவல். கதவுகளை மூடவும் திறக்கவும் முடிவெடுத்த அந்தப் பெரிய நிறுவனமும் தப்பவில்லை. சீசர்ஸை 2005-ல் ஹாராஸ் என்கிற கம்பெனி வாங்கியது. 2008-ல் அந்த ஹாராஸையே முதலீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கடன் பணத்தில் வாங்கின. பிறகு சீசர்ஸ் பெயரிலேயே இயங்கிய அந்தக் குழுமத்தின் முக்கியப் பிரிவு 2015 ஜனவரியில் சுமார் 18 பில்லியன் டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. வீட்டின் பக்கம் எப்போதும் 5.26 சதவீதம் இருக்கிற தொழிலிலேயே கடன் இப்படி அமுக்கும் என்றால், மாசச் சம்பளத்தில் மூன்று இஎம்ஐ ஓட்டுகிற நாம எம்மாத்திரம்?

ஆனால் நீங்க கேசினோ இல்லை

இவ்வளவு நேரம் கணக்குதான் பேசினோம். கணக்கு எட்டாத ஒரு இடமும் இருக்கு.

கம்பெனியின் புத்தகத்தில் மேஜிக்கல் எம்பயர் என்பது வருமானம், செலவு, சதுர அடி. மூடின பிறகு அந்த வரியே இல்லை. ஆனால் அங்கே போய் சாப்பிட்டவர்களிடம் அது இன்னும் இருக்கு. மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளோடு சேர்ந்து வாயைப் பிளந்தது, சீட்டு எப்படி மாறியது என்று ரூமுக்குத் திரும்பும்வரை வாதாடியது. அவர்கள் கொடுத்த டாலர் அன்றைக்கே செலவாகிவிட்டது. அதில் கிடைத்தது இன்னும் தீரவில்லை.

அதனால் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் படித்துவிட்டு, "டூர் போற காசை முதலீடு செய்தால் இருபது வருஷத்தில் எவ்வளவு ஆகும் தெரியுமா" என்று வீட்டில் எல்லாரையும் படுத்தாதீங்க. அந்தக் கணக்கு பாதிதான் சரி. "அடுத்த வருஷம் போகலாம்" என்று தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை இருக்கு. அந்த இடம் மூடிவிடலாம். கூட்டிக்கொண்டு போக நினைத்த அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிடலாம். குழந்தைக்கு மேஜிக்கை நம்புகிற வயசு தாண்டிவிடலாம்.

செய்ய வேண்டியது சுலபம். தனியாக ஒரு ஆர்டி போடுங்க, மாசம் 2,000. வருஷக் கடைசியில் வட்டியோடு 24,000-க்கு மேல் இருக்கும். அதற்குள் அடங்குகிற ஒரு அனுபவத்துக்குப் போங்க, கடன் வாங்காமல். போயிட்டு வந்து ஆறு மாசம் இஎம்ஐ கட்டினால், நல்ல ஞாபகத்துக்குப் பதில் அந்த இஎம்ஐ எஸ்எம்எஸ்தான் ஞாபகம் இருக்கும்.

இந்த வாரக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி மூன்று எண்களை எழுதுங்க: உங்க ஒரு மாசக் கட்டாயச் செலவு, இன்றைக்கு உடனே எடுக்கக்கூடிய பணம், இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருகிற மாசங்கள். அந்த மூன்றாவது எண் ஆறுக்குக் கீழே இருந்தால், இந்த மாசச் சம்பளம் வந்ததும் முதல் வேலை அதுதான். எமர்ஜென்சி ஃபண்டை எங்கே எவ்வளவு பிரித்துப் போடலாம் என்பதை அடுத்த வீடியோவில் ஒரு ஷீட் போட்டே காட்டுறேன்.

அதுவரைக்கும், நல்லா வேலை செய்யுங்க. கைதட்டல் வந்தால் சந்தோஷமா வாங்கிக்கோங்க. ஆனா சீட்டுக்கட்டு எப்பவும் உங்க பையிலேயே இருக்கட்டும்.